கரையில் ஆளில்லாத படங்கள்

உலகத்தில் எந்தப் போட்டோக்காரனும் "ஆடாம நில்லுங்க" என்றுதான் சொல்வான். எங்கள் கடற்கரை ஊர் கண்டக்குழியில் ஒருவர் மட்டும் "நிக்காதீங்க, நடங்க, நடங்க" என்று சத்தம் போடுவார். மூன்று கால் தாங்கியில் கமராவை ஏற்றி மணல் மேட்டில் வைத்திருப்பார். யாராவது அதை வேடிக்கை பார்க்க நின்றுவிட்டால் மனிதருக்குப் பதற்றம் வந்துவிடும். ஆட்டைத் துரத்துவது போலக் கையை வீசித் துரத்துவார். வலை இழுக்கிறவர்கள் இழுக்கட்டும், மீன் அள்ளுகிறவர்கள் அள்ளட்டும், சும்மா மட்டும் நிற்கக் கூடாது. நின்றால் படத்தில் விழுந்துவிடுவார்கள். அவருடைய படத்தில் மனிதன் விழக் கூடாது.

பெயர் சொல்ல மாட்டேன். படத்திலேயே முகம் வைக்காத ஆளுக்கு நான் எழுத்தில் பெயர் வைப்பதும் சரியில்லை. எங்களுக்கு அடுத்த வளவு வீட்டுக்காரர். சொந்தம் ஒன்றும் கிடையாது. நானா, நானா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு உடன்பிறந்த மூத்தவர் போல ஆகிவிட்டார். அவருக்கு நான் தங்கச்சி. சந்தியில் நான் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ஃபோன் ரீலோட், லெமினேட், பாஸ்போர்ட் அளவுப் படம். அவருடைய படங்களை அச்சடிப்பதும் என் கடையில்தான். அதனால் ஊரில் மற்றவர்கள் அவரைப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே, என்ன மாதிரிப் பைத்தியம் என்று எனக்கு விவரமாகத் தெரியும்.

கட்டாரில் வீடு விற்கிற கொம்பனி ஒன்றுக்குப் படம் எடுக்கிறவரிடம் கையாளாக இருந்தவர். வெறும் அறைகள், வெறும் மாடிப்படிகள், வெறும் நீச்சல் குளங்கள். ஆள் இல்லாத வீட்டைப் படம் பிடித்துப் பிடித்துப் பழகிப்போய், ஊருக்குத் திரும்பும்போது பாவித்த மிரர்லெஸ் கமரா ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே கமராக் கண்ணில் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று. வெல்டிங் செய்கிற பாஸ்மார் முகத்துக்குப் பிடிப்பார்களே, அந்தக் கறுப்பு. பட்டப்பகலில் அதை மாட்டிவிட்டால் உள்ளே வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று கமரா கண்ணைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும்.

"பழைய கமராவுல இதப் போட்டா நமக்கு இருட்டு. ஒண்டும் வெளங்காது. இது மிரர்லெஸ், உள்ளுக்கு முகம் பாக்கிற கண்ணாடி இல்ல தங்கச்சி. அதால இருட்டுக்குள்ளாலயும் பாத்து நமக்குக் காட்டும்" என்று ஒரு நாள் எனக்குச் செய்து காட்டினார். காட்டும்போது பிள்ளை பெற்ற வீட்டில் பிள்ளையைக் காட்டுகிற முகம்.

அப்படிக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிற நேரத்தில் அசையாதது எல்லாம் படத்தில் நிற்கும். அசைவது எல்லாம் கரைந்து போகும். அலை கஞ்சித் தண்ணீர் போல ஆகிவிடும். நடந்து போகிற மனிதன் இருந்த இடமே தெரியாது. நானாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. "ரூஹு உள்ளத நான் எடுக்க மாட்டேன்" என்பார். உயிர் உள்ளதை உருவமாக்குவது மார்க்கத்தில் சரியில்லை என்று அவர் மனதில் விழுந்திருந்தது. ஊரில் வேறு யாருக்கும் அந்தக் கவலை இல்லை. எங்கள் பள்ளிவாசல் மவ்லவியே தன் படத்தைப் போட்டுத்தான் பயான் பிரசங்கத்துக்கு விளம்பரம் போடுவார். நானா யாரோடும் வாதாட மாட்டார். "அது அவங்கட நிய்யத், அவங்கட எண்ணம். எண்ட கை நடுங்குது, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டுவதற்கு முன்னால், வெளிச்சம் எவ்வளவு, கண்ணை எத்தனை நிமிஷம் திறக்க வேண்டும் என்று பார்க்க, சும்மா ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும். அது சாதாரணப் படம். அதில் மனிதர்கள் பல் தெரிய விழுந்திருப்பார்கள். அதைப் பார்ப்பார், கணக்குப் போடுவார், உடனே அழித்துவிடுவார். அழிக்கிற பட்டனை அமத்தும்போது வாய் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்கும். பிறகு கண்ணாடியை மாட்டுவார். தாங்கியின் நடுவில் ஒரு சீலைப்பையைக் கட்டி, காற்றுக்கு ஆடாமல் மணல் நிரப்புவார். போகும்போது ஒரு பிடி விடாமல் அங்கேயே கொட்டிவிட்டுப் போவார். கமரா கண் திறந்திருக்கிற நேரமெல்லாம் உதடு இறைவனை நினைத்துத் திக்ர் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் ஒரு விரலைத்தான் தூக்குவார். பொறு என்று அர்த்தம்.

ஒரு முறை கழுதை ஒன்று வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் கட்டாக்காலிக் கழுதைகளுக்குக் குறைவில்லை. நடு மணலில் வந்து நின்ற அந்தக் கழுதை, நானா கத்தியும், கல்லெடுத்துப் பாவனை செய்தும், அசையவே இல்லை. தலையை மட்டும் ஈக்கு ஆட்டிக்கொண்டு நின்றது. படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். கழுதை அப்படியே விழுந்திருக்கிறது, நாலு காலும் வாலும் முதுகும் பக்குவமாக. தலை மட்டும் இல்லை. நான் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே மவ்லவியிடம் போனார். தலை இல்லாத உருவத்துக்குக் குற்றமில்லை என்று மவ்லவி சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. அந்தப் படத்தை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொண்டார்.

"அப்ப எங்களையும் தலைய ஆட்டச் சொல்லி எடுக்கலாமே நானா" என்றேன்.

"உங்களுக்கு எண்டா வாய்தான் அசையும் தங்கச்சி. மத்ததெல்லாம் விழுந்துடும்" என்றார். அப்படிப் பகிடியும் வரும்.

எங்கள் கரைவலைப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடு என்றால் ஒரு வலையை வளைத்து இழுக்கிற கடற்கரைத் துண்டு. அந்தத் துண்டில் நாற்பது பேர் அளவில் கயிறு இழுக்கிறார்கள். என்னைக் கட்டிய மாப்பிள்ளையும் அவர்களில் ஒருவர், கிட்டத்தட்ட முன்னுக்கு நிற்கிறவர். ஓலையால் வேய்ந்த வாடிக் குடிசை ஒன்றும் வலைத் தோணியும் அங்கே இருக்கின்றன. தென்மேற்குச் சோளகக் காற்று ஓய்ந்து கடல் தணிந்தால் எங்கள் அடுப்பு அந்தக் கயிற்றில்தான் எரியும். நானாவுக்கும் அந்த இடம்தான் பிரியம். வாடிக்குப் பின்னால் உள்ள மணல் மேட்டில் ஏறி நின்று எத்தனையோ காலைகளில் எடுத்திருக்கிறார். அதில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து என் கடைச் சுவருக்கு என்று தந்தார். தோணி நிற்கிறது. வாடி நிற்கிறது. கடல் புகையாகக் கிடக்கிறது. ஒரு காக்கை கூட இல்லை.

"இதென்ன நானா, மவ்த்தான ஊர் மாதிரி சீவனில்லாம இரிக்கி. எண்ட மாப்பிள்ளை எங்க?"

"இரிக்கிறார் தங்கச்சி. எல்லாரும் இரிக்கிறாங்க. கண்ணுக்குத்தான் தெரியாது."

எனக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை. தந்ததை வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லாமல் மாட்டி வைத்தேன்.

அவருடைய இன்னொரு குணத்தை நான் அந்த நாட்களில் சரியாகக் கவனிக்கவில்லை. ஒரு பின்னேரம் தோணியில் வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கான் காணாமல் போய்விட்டது. அந்த நேரம் மேட்டில் கமராவோடு நின்றது நானா மட்டும்தான். எல்லோரும் போய்க் கேட்டார்கள். அவர் கமராவைத் திருப்பி, எடுத்த படத்தைக் காட்டினார். வெறும் கரை. "பாருங்க, படத்தில ஆரும் இல்ல" என்றார். அது உண்மைதானே, படத்தில் ஆரும் இல்லை. அடுத்த நாள் விடிய சுபஹு தொழுதுவிட்டுப் போனவர்கள் கான் இருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டார்கள். அவர் யாரைக் கண்டார், போய் என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. நான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். "அடுத்தவண்ட குறைய நாம இங்க மறைச்சா, நம்மட குறைய அல்லாஹ் அங்க மறைப்பான். அந்த ஒரு நன்மைய நம்பித்தான் நானே நடமாடுறேன், விடுங்க" என்றார்.

கொழும்பிலிருந்து ஒரு முதலாளி வரத் தொடங்கியது இதற்குப் பிறகு. பட்டம் கட்டிக்கொண்டு கடலில் வழுக்கி ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்காக எங்கள் பக்கம் லொட்ஜுகள் வந்துகொண்டிருந்தன. இந்த முதலாளியும் ஒன்று கட்டப் போகிறார் என்று கதை. என் கடைச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு நானாவைத் தேடிப் போனார். "எனக்கு ஆளில்லாத கடற்கரைதான் வேணும்" என்றாராம். நானா அகமகிழ்ந்து போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆளே இல்லாத படம் வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார். இருந்ததையெல்லாம் கொடுத்தார். எல்லாம் எங்கள் பாடு. எல்லாம் காலை நேரம். எல்லாம் வலைக் காலம்.

ஒரு நாள் விடிய, வாடிக்கும் கடலுக்கும் நடுவே கொங்கிறீட் தூண்கள் வந்து இறங்கின. கம்பி வேலி போடப் போகிறார்கள். எங்கள் ஆட்கள் தூணைத் தள்ள, அவர்கள் பொலிசுக்குப் போக, கடைசியில் விசாரணை என்று அரசாங்கக் கந்தோருக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். நானும் போனேன். லொட்ஜ் பக்கத்து ஆள் மேசையில் ஒவ்வொன்றாகப் படங்களை அடுக்கினார். நான் அச்சடித்துக் கொடுத்த கடல். என் கடை மையில் குளித்த கடல். "பாருங்க சேர், வலைக் காலத்துக் காலை நேரம். கமராவே திகதி போட்டிரிக்கி. ஒரு மனிசன் இல்ல. ஒரு பழைய வாடியும் ஆரோ விட்டுட்டுப் போன தோணியும்தான்" என்றார்.

அங்கே வைத்து என் வாய் சும்மா இருக்குமா. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறது எண்டு கேட்டிரிக்கேன் சேர். நாப்பது மனிசன வெயில்ல வச்சி மறைச்சத இப்பத்தான் பாக்கிறேன்" என்றேன். விசாரிக்கிற அதிகாரி சேர் சிரித்தார், ஆனால் எழுதவில்லை.

பிறகு நானாவையும் அங்கே அழைத்துப் போனோம். அவர் எழும்பி நின்று, எப்படி எடுத்தார், ஆட்கள் எப்படிக் கரைந்து போனார்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். அந்த சேர் விளங்காத ஆள் இல்லை. "ஓம், தெரியும். எண்ட மகளும் ஃபோன்ல தண்ணி விழுறத அப்பிடி எடுக்கிறவ" என்றார். "ஆனா ஒண்டு. அப்ப இந்தப் படங்கள் ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி இல்ல. ஆக்கள் இரிக்கிற படம் ஒண்டு, இந்தப் பிரச்சினைக்கு முந்தி எடுத்தது, கொண்டுவாங்க. பாப்பம்."

கேட்பது நியாயம்தான். எங்கள் ஆட்களின் ஃபோன்களைத் துழாவினோம். மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எடுத்த படங்கள். பின்னால் தெரிகிற தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர் என்று யார் சொல்வது? தூண் வந்த பிறகு எடுத்தவை கணக்கில் இல்லை. ஆளோடும் வாடியோடும் கரையோடும் சேர்த்து ஒழுங்காக எடுத்தவர் ஒரே ஒருவர். எடுத்த கையோடு அழித்தவரும் அவர்தான்.

அழித்த படம் அழிந்து போவதில்லை என்று எனக்குத் தெரியும். கலியாணப் படங்களைத் தெரியாமல் அழித்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு, என் கடைக் கொம்பியூட்டரில் எத்தனையோ தடவை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். மேலே வேறு படம் ஏறாமல் இருந்தால் போதும். நேரே அவர் வளவுக்குப் போனேன்.

"நானா, உங்கட கமராட பழைய மெமரிக் காட்டெல்லாம் தாங்க."

"அது அழிச்சது தங்கச்சி."

"எண்ட கொம்பியூட்டருக்கு விட்டா எடுக்கும்."

"எடுக்குமெண்டு எனக்கும் தெரியும்" என்றார். தலை குனிந்தபடி கமராவின் வாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அல்லாஹ்வோட பேசி அழிச்சது. அதத் திரும்பத் தோண்டுறது புதைச்ச மையத்தத் தோண்டுற மாதிரி."

"மையத்தாகப் போறது நாங்க நானா. வேலி வந்தா வலை எங்க வளைக்கிற? உங்கட மறுமைக்காக எங்கட இம்மைய விக்கிறீங்களா?"

அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. இன்றும் நினைக்கவில்லை. அவர் துடைப்பதை நிறுத்தி, "உங்கட மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

"அவர்தான் கூட்டத்துல முன்னுக்கு நிண்டு கத்துறாரு. கேட்கல்லியா?"

"கேட்டேன்" என்றார். கமராவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அந்த ஆளப் போய் வற்புறுத்தாத. மார்க்க விசயம்" என்றார். இவருக்கு எப்போதிலிருந்து மார்க்கத்தில் இவ்வளவு பேணுதல் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊர் நானாவைத் திட்டத் தொடங்கியது. முதலாளியிடம் வாங்கித் தின்றுவிட்டான் என்றார்கள். பள்ளியில் அவர் பக்கத்தில் நின்று தொழுவதைச் சிலர் தவிர்த்தார்கள். அடுத்த விசாரணைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு நாள் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரே ஒரு காட்.

"நல்ல வழி காட்டச் சொல்லி இஸ்திகாரா தொழுது தொழுது பாத்தேன். ஒரு வெளிச்சமும் வரல்ல. வராட்டியும் கொண்டுவந்துட்டேன்" என்றார்.

"மத்தக் காட்டெல்லாம்?"

"அதுகளுக்கு மேல திரும்பத் திரும்ப எடுத்துட்டேன். ஒண்டும் மிஞ்சி இரிக்காது. இதுலதான் மிஞ்சும்."

ஏன் இதில் மட்டும் மிஞ்சும் என்று அப்போது நான் கேட்கவில்லை. காட்டைச் சொருகித் தேட விட்டேன். சின்னச் சின்னக் கட்டங்களாக வந்து விழத் தொடங்கின. பாதிப் படம் சாம்பல் கோடு. ஒரு கால். ஒரு கயிற்றுத் துண்டு. ஒன்றுமே இல்லாத கறுப்பு. கடைசியில் ஒன்று முழுசாக வந்தது. நான் அதைப் பெரிதாக்கினேன்.

யா அல்லாஹ், எங்கள் ஆட்கள். இரண்டு கயிற்றிலும் வரிசையாக, சாய்ந்து, காலை மணலில் குத்தி. ஒவ்வொருவரையும் எனக்கு முதுகை வைத்தே பெயர் சொல்ல முடியும். மீன் நிறைந்த வலை மடி கரைக்கு வருகிறது, மேலே காக்கைக் கூட்டம். கடைச் சுவரில் ஆண்டுக்கணக்காகத் தொங்குகிற வெறுங்கரை எனக்கு முன்னால் ஒரு நொடியில் நிரம்பிவிட்டது. அழுகை வந்துவிட்டது. "நானா, போதும். இது ஒண்டு போதும்" என்றேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் திரையின் இடது பக்க மூலையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க நானா."

"முதல்ல கேளுங்க தங்கச்சி. பாத்தா பாத்ததுதான். கமராக்கு அழிக்கிற பட்டன் இரிக்கி, கண்ணுக்கு இல்ல."

அந்நிய ஆணின் கையைப் பிடித்து விலக்க முடியாது. ஆனால் கொம்பியூட்டர் எலி என் கையில் இருந்தது. படத்தை வலப்பக்கம் நகர்த்தினேன். மூலை அவருடைய கைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

வாடியின் பின்பக்கம். வலை இழுக்கிறவர்களுக்கு வாடி மறைக்கும், மேட்டில் இருந்த கமராவுக்கு மறைக்கவில்லை. தொப்பி போட்ட முதலாளி அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறு நுனியை ஒருவர் குனிந்து மணலில் அமத்திக்கொண்டிருக்கிறார். முகம் தெரியவில்லை. எனக்கு முகம் எதற்கு? பெருநாளைக்கு அவருக்குக் கட்ட என்று நான் புத்தளத்தில் போய்த் தேடி எடுத்த சாரம். குனியும்போது இடது கையை முழங்காலில் ஊன்றுகிற பழக்கம்.

நானா மெதுவாகச் சொன்னார். "அண்டைக்கே கண்டேன். அழிச்சேன். அந்தக் காட்டக் கழட்டி வச்சவன்தான், பிறகு போடல்ல. போட மனம் வரல்ல." அதனால்தான் அந்த ஒரு படம் அழியாமல் இருந்திருக்கிறது. இவ்வளவு நாளும் ஊர் காறித் துப்பிய போது, மார்க்கம் என்று அவர் பிடித்துக்கொண்டு நின்றது முழுக்க மார்க்கத்துக்காக இல்லை. எனக்காக.

"வெட்டலாம் தங்கச்சி" என்றார். "நீங்க சொன்னா மூலைய வெட்டிட்டு அடிங்க. ஆனா முழுப் படமா எண்டு கந்தோருல கேட்டா, இல்ல எண்டுதான் சொல்லுவேன். எனக்குப் பொய் வராது."

வெட்டவில்லை. முழுசாகப் பெரிதாக அடித்தேன். வீட்டில் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அவருக்குச் சோறு போட்டேன், அவர் சாப்பிட்டார், வலையைப் பற்றிக் கதைத்தார்.

விசாரணையில் படத்தை மேசையில் வைத்தோம். எங்கள் ஆட்களின் முகமெல்லாம் மலர்ந்தது. லொட்ஜ் பக்கத்து ஆள் சுதாரித்துக்கொண்டார். "ஒரு நாள் ஆரோ வந்து இழுத்திரிப்பாங்க சேர். இங்க பாடு இரிக்கிது எண்டு எங்களுக்கு ஆரும் சொன்னதில்ல" என்றார். சேர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தை இன்னும் கிட்டப் பிடித்தார். விரல் மூலைக்குப் போனது.

"இந்தத் தொப்பிக்காரர் உங்கட முதலாளி தானே? மத்தப் பக்கம் நாடா பிடிக்கிறது ஆர்? இது பாட்டில வலை இழுக்கிற ஆளெண்டா, பாடு இரிக்கிறது தெரிஞ்சிதான் அளந்திருக்கிறீங்க. அதோட கதை முடிஞ்சிது." நானாவைப் பார்த்தார். "படம் எடுத்தது நீங்க. ஆரெண்டு தெரியுமா?"

என் மாப்பிள்ளை எனக்கு முன் வரிசையில் இருந்தார். அவருடைய பிடரியில் வியர்வை இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானா எழும்பினார். பொய் வராது என்று சொன்ன வாய். "தெரியாது சேர்" என்றார். "முகம் வெளங்கல்ல. ஆரோ வெளியாள் போல."

அந்தப் பொய்யை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, முதன்முதல் சைக்கிள் ஏறுகிறவன் போல. கந்தோரில் இருந்த ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் எழுதுகிறவர் எழுதத் தொடங்கிவிட்டார். எழுதி முடித்தால் பாடும் போய்விடும், இந்த மனிதரின் சொல்லும் போய்விடும். நான் எழும்பினேன்.

"அது எண்ட மாப்பிள்ளை சேர்" என்றேன்.

தூண்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பாடு இருக்கிறது. இந்த வருஷமும் சாளை மீன் நன்றாகப் பட்டது. என் மாப்பிள்ளையை அந்தக் காலம் முழுக்கக் கயிற்றில் கை வைக்க விடவில்லை. பள்ளிவாசல்துறையில் தன் மூத்த சகோதரி, ராத்தா வீட்டில் போய்க் கொஞ்ச நாள் கிடந்தார். லொட்ஜில் எங்கள் மகனுக்கு வேலை தருவதாகச் சொன்னார்களாம், நாடா பிடித்தது அதற்காகத்தானாம். தகப்பன் மனசு, அதை நான் முழுசாகத் தள்ளிவிடவும் இல்லை. பிறகு வந்தார், இருக்கிறார். சோறு போடுகிறேன். கதை குறைவு.

நானா அந்தக் காலத்திலேயே திரும்பக் கட்டாருக்குப் போய்விட்டார். இப்போது ஏதோ ஸ்டோர் ஒன்றில் பெட்டி அடுக்குகிறார், கமராப் பக்கமே போவதில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். போவதற்கு முன் என் கடைக்கு வரவில்லை. நானும் வழியனுப்பப் போகவில்லை. ஊரார் மன்னிப்புக் கேட்டுப் போனார்கள் என்று கேள்வி. அவர் வாசலில் வைத்தே, பரவாயில்லை என்று அனுப்பிவிட்டாராம்.

விசாரணை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, கந்தோர் வாசலில் அவரைக் கண்டதுதான் கடைசி. வெயிலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் சந்தோஷத்தில் அந்தப் பக்கம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போய், "நானா, எனக்காக நீங்க அந்தப் பொய்யச் சொல்லியிருக்கத் தேவையில்ல" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தது குறைவு. அன்றைக்குப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பொய் சொன்ன பாவம் எனக்கு எழுதியாச்சி தங்கச்சி" என்றார். "மறைச்ச நன்மையாவது மிஞ்சும் எண்டு பாத்தேன். அதையும் நீங்க எடுத்துட்டீங்களே."